பணமா, ஆளா? கிளை நூலகத்துக்கு உதவக் குழு சேர்ப்பவர்களுக்கு

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் தமிழுக்கு மூன்று அலமாரிகள். பெங்களூர் அல்சூர் ஏரியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். இருபது வருஷமாக இந்தப் பக்கம் குடியிருக்கும் நான் முதல்முறையாக உள்ளே போனது போன ஜூலையில், அதுவும் மழைக்கு ஒதுங்கி. பிரேயருக்குப் பிள்ளைகளை நிறுத்துவதுபோலப் புத்தகங்களை உயரவாரியாக நிறுத்தியிருந்தார்கள். குட்டை இடது ஓரம், நெட்டை வலது ஓரம். ஐந்தாறு தலைகீழாக நின்றன. ஒரு நாவலை உருவி, பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தேன். கடைசி முத்திரை 2011.

நூலகர் கன்னடக்காரர். "தமிழ் பேசுவேன்மா, ஓதோக்கே பரல்ல" என்றார். படிக்க வராது. தூசி தட்டி வைக்கிறாராம், யாராவது கேட்டால் அலமாரியைக் கை காட்டுகிறாராம். அவ்வளவுதான் அவரால் முடியும்.

அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழு. பதினோரு பேர். பெயர் வைப்பதற்கே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள், ஐ.டி.யில் இருக்கும் ஒரு தம்பி எழுதினான்: "அக்கா, ஒரு க்யூஆர் கோடு போட்டுடலாமா? ஐம்பதாயிரம் சேர்த்தா நல்ல புத்தகமா வாங்கிக் குடுத்துடலாம்." எட்டு கைதட்டல், இரண்டு கும்பிடு.

அங்கே ஆரம்பித்த பேச்சு தீபாவளி வரை ஓடியது. எங்கள் முன்னால் இருந்த வழிகள் ஐந்து. யாராவது ஒருவர் கணக்கில் பணம் சேர்த்துப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது. சொசைட்டியாகவோ டிரஸ்டாகவோ பதிவு செய்துகொண்டு முறைப்படி நிதி திரட்டுவது. ஏற்கெனவே இருக்கும் ஒரு சங்கத்தின் கீழ் இயங்குவது. அரசு நூலகத்தை விட்டுவிட்டு நாமே ஒன்று நடத்துவது. பணமே தொடாமல் ஆளாகப் போய் வேலை செய்வது. நாங்கள் நாலு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதிவைத்தால் இன்னொரு குழுவுக்கு நாலு மாதம் மிச்சமாகும்.

முதலில் ரசீதுக் கதை. குழுவில் ஓய்வுபெற்ற ஆடிட்டர் மாமா ஒருவர் இருக்கிறார். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் தன் வீட்டுச் சொத்து வரி ரசீதைப் படம் எடுத்துப் போட்டார். "செஸ்", அதாவது வரிக்கு மேல் கூடுதல் வரி, என்று போட்டிருந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். பெங்களூரில் சொத்து வரியின் மேல் சுகாதாரத்துக்கு 15 சதவீதம், நூலகத்துக்கு 6, பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு 3 என்று செஸ் சேர்க்கிறார்கள். நூலகத்துக்கான 6 சதவீதம் 1965-ஆம் வருஷத்துக் கர்நாடகப் பொது நூலகச் சட்டத்தின்படி வருவது. எங்கள் அடுக்ககத்தில் 84 வீடுகள். வீட்டுக்குச் சராசரி 8,000 ரூபாய் வரி என்று வைத்துக்கொண்டால் நூலகப் பங்கு 480 ரூபாய். மொத்தம் 40,320. "ஐம்பதாயிரம் சேர்க்கணும்னு குதிக்கிறீங்களே, நாற்பதாயிரத்தை வருஷா வருஷம் கட்டிட்டுத்தானே இருக்கோம்" என்றார் மாமா.

அந்தப் பணம் நூலகத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பது வேறு கதை. மாநகராட்சி வசூலித்த நூலக செஸ்ஸில் பாக்கி வைத்திருக்கிறது என்ற செய்தியைப் பெங்களூர்ப் பத்திரிகைகளில் பல வருஷமாகப் பார்க்கிறோம். ஆகவே, நன்கொடை திரட்டுவதற்கு முன்னால் ஒரு குழு செய்ய வேண்டிய வேலை, கட்டிய பணம் எங்கே என்று கேட்பது என்பது மாமாவின் கட்சி. எனக்கும் பாதி அதுதான் தோன்றியது. மீதிப் பாதி, கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த நாவல் தலைகீழாகவே நிற்கும் என்றது.

இனி க்யூஆர் கோடு. சுலபம், ஒரு மாலையில் ஆரம்பித்துவிடலாம். சின்னத் தொகைக்கு, தெரிந்தவர்களுக்குள், எனக்கு அதில் தப்பில்லை. பத்துப் பேர் ஆளுக்கு ஐந்நூறு போட்டு ஒரு மின்விசிறி வாங்க எதற்குப் பதிவும் பத்திரமும்? ஆனால் முகம் தெரியாதவர்கள் போட ஆரம்பித்ததும் கதை மாறும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் உங்கள் கணக்குக்கு இனாமாக வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கில் வரும். "அது நூலகத்துப் பணம் சார்" என்று வருமான வரித் துறைக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியவர் பாவம், கணக்கைக் கொடுத்த அந்தத் தம்பி.

2021 ஏப்ரலில் மைசூரில், ஒரு கூலித் தொழிலாளி நடத்திவந்த இலவச நூலகம் எரிந்துபோனது நினைவிருக்கலாம். சுமார் 11,000 புத்தகங்கள். செய்தி பரவிய சில நாட்களில் இணையத்தில் சேர்ந்த பணம் இருபது லட்சத்தைத் தாண்டியது. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, நல்ல காரியத்துக்குப் பணம் சேருவது கஷ்டமே இல்லை என்பதுதான். யார் பெயரில் வாங்குவது, யார் கணக்குக் காட்டுவது, மிஞ்சினால் என்ன செய்வது, இதெல்லாம்தான் கஷ்டம்.

இன்னொன்று, அரசு நூலகத்துக்குப் புத்தகம் "கொடுத்துவிடுவது" நாம் நினைக்கிற மாதிரி இல்லை. அங்கே ஒரு புத்தகம் அலமாரிக்குப் போவதற்கு முன் பதிவேட்டில் ஏற வேண்டும், முத்திரை விழ வேண்டும், எண் போட வேண்டும். ஏறிவிட்டால் அதற்கு நூலகர் பொறுப்பு. காணாமல் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் நாம் ஆர்வமாக நீட்டும் அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் அவர்கள் முகம் சுருங்குகிறது. பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்தால் நமக்கே சுருங்கும். எங்கள் அடுக்ககத்தில் ஒரு ஞாயிறு புத்தகம் சேகரித்தோம். ஏழு பெட்டி வந்தது. நுழைவுத் தேர்வு கைடுகள், விஷுவல் பேசிக், ஜாவா, 2006-ஆம் வருஷத்து எம்.பி.ஏ. பாடநூல்கள், யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம். தமிழ்ப் புத்தகம் மொத்தம் பத்தொன்பது. அதில் ஜோசியம் எட்டு. ஆல்பத்தை உரியவரிடம் ஒப்படைக்க மூன்று மாடி ஏறினேன்.

டல்லாஸில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு யோசனை அனுப்பினான். அமெரிக்காவில் பல ஊர்களில் பொது நூலகத்துக்கு "நண்பர்கள்" குழு உண்டு. நூலகத்திலிருந்து தனியாக, லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவு செய்திருப்பார்கள். நூலகம் கழித்த புத்தகங்களையும் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் புத்தகங்களையும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை பரப்பி விற்பார்கள். கடைசி நாளில் ஒரு பைக்கு இவ்வளவு என்று விலை. அந்தப் பணத்தில் குழந்தைகளுக்குக் கதை நேரம், கோடைக்கால வாசிப்புப் போட்டி. உள்ளூர் வாக்கெடுப்பில் நூலகத்துக்கு நிதி கேட்கும்போது வீடு வீடாகப் போய் ஆதரவு திரட்டுகிற குழுக்களும் உண்டு. "இதையே அங்க பண்ணுங்க பெரியம்மா" என்றான்.

நல்ல யோசனைதான். ஆனால் இங்கே நூலகத்தின் கிழிந்த புத்தகம்கூட அரசாங்கச் சொத்து. அதைக் கழிக்க ஒரு நடைமுறை இருக்கிறது, நாம் மேஜை போட்டு விற்க முடியாது. நம் வீட்டுப் பழைய புத்தகங்களை விற்கலாம். ஆனால் மேலே சொன்ன ஏழு பெட்டியைப் பழைய பேப்பர்காரர் எடைக்குத்தான் எடுத்துக்கொண்டார்.

ஊர்ப்பக்கத்து வழி வேறு. தமிழ்நாட்டில் கிளை நூலகத்துக்கு 1,000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர். பெயர் பலகையில் ஏறும். வாசகர் வட்டம் என்று ஒன்று நூலகத்தோடு சேர்ந்தே இயங்கும். பணம் நேரே துறைக்குப் போவதால் நாம் கணக்குப் புத்தகம் தூக்க வேண்டாம். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கத் தன்னார்வலர்களைச் சேர்க்கும் நூலக நண்பர்கள் திட்டமும் அங்கே இருக்கிறது. எங்கள் குழுவில் வாணியம்பாடிக்காரர் ஒருவர் "இங்கயும் புரவலர் ரசீது குடுங்க" என்று நூலகரிடம் கேட்டு, அவர் முழிக்க, நாங்கள் சமாதானம் செய்து கூட்டிவந்தோம்.

பதிவு செய்யும் வழியில்தான் நாங்கள் அதிக நாள் செலவழித்தோம். கர்நாடகத்தில் சொசைட்டி என்றால் 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். வருஷா வருஷம் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் எல்லாம் பதிவாளருக்குப் போக வேண்டும். டிரஸ்ட் இதைவிட லேசு. இரண்டு பேர் போதும், பத்திரம் எழுதி சப்ரிஜிஸ்டிரார் ஆபீசில் பதிந்தால் ஆயிற்று. ஆனால் டிரஸ்டில் அறங்காவலர்கள் வைத்ததுதான் சட்டம், சொசைட்டியில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஆளை மாற்றலாம். நண்பர்கள் நாலைந்து பேர் மட்டும் என்றால் டிரஸ்ட். ஊர்க்காரர்கள் வருவார்கள் போவார்கள் என்றால் சொசைட்டி. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நூலகம் பொதுவானது. அதற்கு உதவும் குழு இரண்டு குடும்பத்தின் கையில் இருந்தால் நாளைக்கு வம்பு.

பதிவோடு முடியவில்லை. நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை வேண்டுமென்றால் 12ஏபி (அமைப்பின் வருமானத்துக்கு விலக்கு), 80ஜி (கொடுப்பவருக்குச் சலுகை) என்று இரண்டு பதிவுகளை வருமான வரித் துறையிடம் தனியாக வாங்க வேண்டும். புது அமைப்புக்கு முதலில் தற்காலிகமாகத்தான் தருவார்கள், மூன்று வருஷத்துக்கு. கொடுத்ததில் பாதியை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், அதற்கும் வரம்பு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. இதையெல்லாம் மாமா விளக்கி முடித்ததும், "நான் புது வரி முறைக்கு மாறிட்டேனே, எனக்கு 80ஜி எதுக்கு?" என்றான் க்யூஆர் கோடு தம்பி. கை தூக்கச் சொல்லிப் பார்த்தோம். சம்பளக்காரர்கள் ஆறு பேரில் ஐந்து பேர் புது முறை. அந்த முறையில் இந்தக் கழிவு கிடையாது, அவர்களுக்கு அந்த ரசீது வெறும் காகிதம். இதைக் கவனிக்காமல், 80ஜி வாங்கிவிட்டால் பணம் கொட்டும் என்று நினைத்துப் பலர் இறங்குகிறார்கள்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம்தானே பெங்களூரின் பெரிய ஆசை? கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொது நூலகம் அமைப்பது என்று தெளிவாகவே இருக்கிறது. ஆனால் வெளி அமைப்பின் மூலம் செலவழிக்க வேண்டுமானால் அந்த அமைப்புக்குப் பதிவுகளோடு மூன்று வருஷ வேலை அனுபவமும் வேண்டும். நேற்று பிறந்த குழுவுக்கு அந்தக் கதவு திறக்காது. அப்புறம், அங்கே எழுதியிருப்பது நூலகம் "அமைப்பது". கட்டடம், நாற்காலி, கம்ப்யூட்டர் என்று படம் எடுக்க முடிந்ததற்குக் கம்பெனிகள் கொடுப்பார்கள். தலைகீழாக நிற்கும் நாவலை நிமிர்த்த எந்தக் கம்பெனி கொடுக்கும்?

டல்லாஸ் பணமும் அப்படித்தான். தங்கை மகன் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்காரன். தன் சம்பாத்தியத்திலிருந்து முறையாக வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவன் நண்பன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. கார்டு இருக்கிறது. அவன் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. பதிவு வேண்டுமென்றால் மூன்று வருஷம் இயங்கியிருக்க வேண்டும், 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு பையன்கள். ஒருவன் பணம் ஆகும், ஒருவன் பணம் ஆகாது. பெங்களூரில் எந்தக் குழுவை எடுத்தாலும் பாதி வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இத்தனையும் பார்த்தபின் என் தீர்ப்பு: ஐந்தாறு வருஷத்துக்கு ஓடக்கூடிய, வருஷா வருஷம் லட்சக்கணக்கில் செலவு வைக்கிற ஒரு வேலை கையில் இருந்தால் மட்டும் பதிவு செய்யுங்கள். குழு இருக்கிறது, ஆகவே பதிவு என்று போனால், நூலகத்துக்குப் போக வேண்டிய சனிக்கிழமைகள் ஆடிட்டர் ஆபீசில் போகும்.

சங்கத்தின் கீழ் இயங்குவதைப் பற்றி. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-இல் ஆரம்பித்தது, அல்சூர் ஏரிக்கு அருகில்தான், அங்கேயே நூலகமும் இருக்கிறது. அதுபோன்ற பழைய சங்கங்கள், குடியிருப்போர் சங்கங்கள், ரோட்டரி, லயன்ஸ் எதுவானாலும் அவர்களிடம் வங்கிக் கணக்கும் ரசீதுப் புத்தகமும் தணிக்கையும் ஏற்கெனவே இருக்கும். ஒரே ஒரு தடவை பெரிய செலவு என்றால் இதுதான் சரியான வழி. அந்தச் சங்கத்தின் விதிகளில் நூலகப் பணி வருகிறதா, பணத்தை இந்த வேலைக்கென்று தனித் தலைப்பில் காட்டுவார்களா, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிர்வாகம் மாறினால் வாய்ச்சொல் நிற்காது.

ஆனால் தமிழ்ப் பலகையோடு இங்கே ஒரு அரசு நூலகத்துக்குள் போவதில் ஒரு நாசூக்கு உண்டு. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 1991-இலிருந்து பதினெட்டு வருஷம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் இங்கே வள்ளுவரும் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரும் நாலு நாள் இடைவெளியில் திறந்த பிறகுதான் மூச்சு விட்டோம். அதைப் பார்த்தவர்கள் எங்கள் குழுவில் உண்டு. "தமிழ் அலமாரிக்கு மட்டும்னு போகாதீங்க, கன்னட அலமாரியும் உருது அலமாரியும் சேர்த்துச் செய்யறோம்னு போங்க" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னபடி கன்னடக்காரர் இருவரைச் சேர்த்தோம். அனுமதி கேட்டு அதில் ஒருவர் எழுதிக்கொடுத்த கன்னடக் கடிதம்தான் நூலகத் துறையின் மண்டல அலுவலகத்தில் வேலை செய்தது. நான் எழுதிய ஆங்கிலக் கடிதம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

சொந்த நூலகம் நடத்துவதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். டெல்லியில் தி கம்யூனிட்டி லைப்ரரி ப்ராஜெக்ட் போன்றவர்கள் எல்லோருக்கும் இலவசமான நூலகங்களை அருமையாக நடத்துகிறார்கள். ஆனால் அது இடம், வாடகை, சம்பளம் என்று முழுநேர வேலை. சனிக்கிழமைக் குழுவால் ஆகாது. அடுக்ககத்து கிளப் அறையில் ஒரு அலமாரி வைப்பது நல்லதுதான், ஆனால் அதன் வாசகர்கள் கேட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் மட்டும்.

பணமே வேண்டாம் என்று நான் பேசுவதாக நினைக்க வேண்டாம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் தன் வாழ்நாள் சேமிப்பு ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தவர். நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது, அதற்குக் கொடுத்தார். பிறகு பெங்களூருக்கு வந்து, 1962-இல் இங்கே ஆவணவியல் ஆராய்ச்சி மையத்தை ஆரம்பித்து, 1972-இல் இந்த ஊரிலேயே காலமானார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர் என்று விதி வகுத்தவர். எங்கள் கிளையில் என்ன இல்லை என்று நாங்களும் ஒரு வாரம் காலையும் மாலையும் மாறி மாறி உட்கார்ந்து குறித்தோம். புத்தகம் இல்லாமல் இல்லை. மூன்று அலமாரியில் 640 தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன, நல்ல புத்தகங்கள். இல்லாதது, அதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த ஒருவர். ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் புதுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருந்தால் அவையும் உயரவாரியாக நின்றிருக்கும்.

ஆகவே ஐந்தாவது வழியை எடுத்தோம். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், ஒரு தடவைக்கு நாலு பேர், அதற்கு மேல் போனால் இடம் இல்லை. பதிவேட்டையும் சாவியையும் நாங்கள் தொடுவதில்லை, அது முதல் நாளே பேசியது. ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஒரு சின்ன லேபிள்: மேலே ஆசிரியர், கீழே தலைப்பு, இரண்டும் கன்னட எழுத்தில். தமிழ்ப் பெயரைக் கன்னட எழுத்தில் எழுதுவதில் வந்த கஷ்டம் 'ழ'. கன்னடக்கார நண்பர் ஒரு தலைப்பை உரக்கப் படித்துக் காட்ட, 'வாழ்க்கை' 'வாள்க்கை' ஆகி, கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தது. நூலகருக்குப் புரிந்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

இந்த வழிக்கும் குறை உண்டு. ஆள் வராத சனிக்கிழமை உண்டு. பரீட்சைக் காலத்தில் இரண்டு மாதம் நானும் மாமாவும் மட்டும். நூலகரை இடமாற்றினால் அனுமதியை முதலிலிருந்து கேட்க வேண்டும். ஒழுகும் கூரையை லேபிள் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அதற்குக் குடியிருப்போர் சங்கம் வழியாகப் போவதா, செஸ் பணத்தில் செய்து கொடுங்கள் என்று துறையிடம் மனுப் போடுவதா என்று இப்போது அடுத்த சண்டை நடக்கிறது. மாமா மனுவின் பக்கம். நான் முதலில் பிளாஸ்டிக் தார்ப்பாய் என்கிறேன்.

இதுவரை செலவு 1,860 ரூபாய். லேபிள், கோந்து, பழைய பனியன் துணிக்குப் பதிலாக நல்ல துடைப்புத் துணி, ஒரு சின்ன முக்காலி. ஆளுக்கு 170 ரூபாய் போட்டோம். 410 புத்தகம் முடிந்திருக்கிறது. அந்த நாவலின் தேதிச் சீட்டில் போன வாரம் ஒரு முத்திரை விழுந்தது. எடுத்துப்போனது நூலகரின் அம்மா. அவருக்குத் தமிழ் படிக்க வருமாம், கோலார் தங்கவயலில் படித்தவராம்.